வீட்டிலேயே கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவது: ஒட்டுவதைவிடத் துடைப்பதுதான் பெரிய வேலை

கேட்டது இதுதான்: கார் கண்ணாடிகளுக்கு வீட்டிலேயே சொந்தமாக ஃபிலிம் ஒட்ட முடியுமா, எந்த ஃபிலிம் வாங்குவது, ஒரு கதவில் ஒட்டிப் பார்த்ததில் உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே அது தானாகப் போகுமா, வளைந்த பின் கண்ணாடியை என்ன செய்வது.

முதல் கேள்விக்குப் பதில், முடியும். பக்கக் கண்ணாடிகளை நிதானம் உள்ள யாரும் ஒட்டலாம். பின் கண்ணாடி வேறு ரகம், அதைக் கடைசியில் சொல்கிறேன். முன் கண்ணாடியை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது. ஓரிடத்தில் சூடு ஏறினால் விரிசல் விடும். புதிய கார்களில் கேமராவும் மழை சென்சாரும் அதன் பின்னால்தான் இருக்கின்றன. போதாததற்கு, வண்டி ஓட்டுபவரின் கண் முழுநேரமும் அதில்தான் இருக்கிறது.

அந்தப் புள்ளிகளைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். விரல் நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே நீர் நகர்ந்தால் அது தண்ணீர்க் குமிழி, சில நாளில் காய்ந்து போகும். அழுத்தினால் அமுங்கி, விட்டதும் அதே இடத்தில் எழுந்தால் காற்று. நடுவில் கடுகைவிடச் சிறிய கறுப்போ வெள்ளையோ தெரிந்து, அதைச் சுற்றிக் கூடாரம் போல ஃபிலிம் தூக்கி நின்றால் அது தூசி. தூசி எத்தனை மாதம் ஆனாலும் போகாது. புதிதாக ஒட்டுபவர்களுக்கு வருவதில் பெரும்பாலானது இந்த மூன்றாவது வகைதான். அதற்குக் காரணம் கையில் திறமை இல்லாதது அல்ல. கண்ணாடி சுத்தமாகத் தெரிந்தது, ஆனால் சுத்தமாக இல்லை.

அதனால்தான் ஃபிலிம் ஒட்டுவதை நான் முதலில் ஒரு துப்புரவு வேலையாகவே பார்க்கிறேன். வெட்டுவதும் ஒட்டுவதும் அதற்கு அப்புறம்.

எந்த ஃபிலிம் என்பதற்கு வருவோம். எல்லா ஃபிலிமும் அடிப்படையில் பாலியெஸ்டர் படலம்தான். ஒரு பக்கம் பசை, பசையைக் காக்க ஒரு தெளிவான லைனர், மறுபக்கம் கீறல் விழாமல் இருக்க ஒரு கடினப் பூச்சு. சாதாரணமாகக் காருக்கு ஒட்டும் ஃபிலிம் 25 முதல் 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். வித்தியாசம் எல்லாம் அதற்கு நிறமும் வெப்பத் தடுப்பும் எதிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

சாயம் ஏற்றியது விலை குறைவு, ஒட்டவும், வளைந்த கண்ணாடிக்காக வெப்பத்தால் சுருக்கவும் எளிது. ஆனால் வெயிலில் சாயம் வெளுத்துவிடும். சில பழைய கார்களில் கண்ணாடி ஊதா நிறமாகத் தெரிகிறதே, அது இந்த வகைதான். உலோகப் பூச்சு உள்ளது வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். கூடவே ஜிபிஎஸ், கைபேசி, சுங்கச்சாவடி டேக் ஆகியவற்றின் சிக்னலையும் மட்டுப்படுத்தும். கார்பன் ஃபிலிமில் அந்தச் சிக்கல் இல்லை, நிறமும் வெளுக்காது. செராமிக் அதற்கும் ஒரு படி மேலே. கண்ணுக்கு வெளிறித் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிரை நன்றாகத் தடுக்கும்.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்பது. வெயிலில் வரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்பு, அது கண்ணுக்கே தெரியாது. புறஊதா மிகக் கொஞ்சம். மீதிதான் நாம் பார்க்கும் ஒளி. கன்னங்கரேல் என்ற மலிவு ஃபிலிம் ஒளியைத் தடுக்கும், அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அதனால் அட்டையில் எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும் பார்க்காமல், மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். டிஎஸ்இஆர் என்று போட்டிருப்பார்கள். 'அகச்சிவப்பு 99 சதவீதம் தடுக்கும்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அது பல நேரம் ஒரு குறுகிய அலைநீளத்தில் மட்டும் அளந்ததாக இருக்கும். புறஊதாவைப் பொறுத்தவரை நல்ல ஃபிலிம் எல்லாமே 99 சதவீதம் தடுக்கும், வெளிறிய ஃபிலிமும் அப்படித்தான்.

அடுத்து ஒளி ஊடுருவல் சதவீதம், விஎல்டி என்பது. 35 என்றால் நூற்றில் 35 பங்கு ஒளி உள்ளே வரும், 5 என்றால் ஏறக்குறைய இருட்டு. இதில் எல்லாரும் மறப்பது, கண்ணாடியே ஒளியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதை. கார் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் 70 முதல் 80 சதவீதம்தான் விடும். 75 விடும் கண்ணாடியில் 35 ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் சுமார் 26. அதே கண்ணாடியில் 70 ஃபிலிம் ஒட்டினால் 52 சொச்சம். அதாவது பக்கக் கண்ணாடிக்கு 70 இருக்கணும் என்று சட்டம் கேட்கும் நாட்டில், மிக வெளிறிய ஃபிலிம் ஒட்டினாலே விதியை மீறியதாகிவிடும். காவலரின் கருவி ஃபிலிமைத் தனியாக அளக்காது, கண்ணாடியையும் சேர்த்துத்தான் அளக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், எனவே வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் குறைந்தது எத்தனை சதவீத ஒளி உள்ளே வர வேண்டும் என்பதைச் சொல்பவை. பிரிட்டனில் முன் கண்ணாடிக்கு 75, முன் கதவுக் கண்ணாடிகளுக்கு 70, பின்னால் கட்டுப்பாடு இல்லை. சிங்கப்பூரில் முன் கண்ணாடிக்கும் முன் கதவுகளுக்கும் 70, பின்புறம் 25. மலேசியாவில் முன் கண்ணாடி 70, முன் கதவு 50. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் முன், பின் கண்ணாடிகளுக்கு 70, பக்கத்துக்கு 50 என்று வைத்தன. 2012இல் உச்ச நீதிமன்றம், சதவீதம் எதுவானாலும் மேலே ஃபிலிம் ஒட்டுவதே கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டு, அதை வைத்து 2024இல் கேரள உயர் நீதிமன்றம் 70, 50 என்ற அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று தீர்ப்பளித்தது. உங்கள் ஊரில் இன்று எப்படி நடைமுறை என்பதை ஃபிலிமுக்குக் காசு கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சட்டம் அனுமதித்தாலும் முன் கதவுகளை ரொம்பக் கறுப்பாக்க நான் சொல்ல மாட்டேன். இரவில், மழையில், பக்கக் கண்ணாடி வழியாக வெளிக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்ப வேண்டியவர் நீங்கள். கறுப்புச் சட்டை போட்டு நடந்து போகிறவர் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

சாமான் அதிகம் வேண்டாம். இரண்டு ஸ்ப்ரே பாட்டில், நீரை வழித்துத் தள்ளும் ஒரு ரப்பர் ஸ்குவீஜி, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் அட்டை, நுனி உடைத்துப் போடும் கட்டர், கண்ணாடி சுரண்ட ஒரு ரேஸர் பிளேடு, நூல் உதிராத துணி. பின் கண்ணாடியும் செய்வதாக இருந்தால் சூடான காற்று ஊதும் ஹீட் கன். கட்டருக்கு ஸ்டெயின்லெஸ் பிளேடு கிடைத்தால் அதையே போடுங்கள், கண்ணாடியில் கீறல் விழும் வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு நீள வெட்டுக்கும் ஒரு நுனியை உடைத்துப் புதிய முனைக்குப் போய்விடுங்கள். மழுங்கிய பிளேடு ஃபிலிமை வெட்டாது, பிய்க்கும். அந்தப் பிய்ந்த ஓரம் ஒட்டியபின் பல் பல்லாகக் கண்ணில் படும்.

கரைசல் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பு. உப்புத் தண்ணீர் என்றால் காய்ந்தபின் உள்ளே வெள்ளைத் திட்டு நிற்கும், அதனால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துங்கள். ஷாம்பு எதற்கு என்றால், பசை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டு இருக்க. அதிகம் ஊற்றினால் ரொம்ப வழுக்கும், பசை சரியாகப் பிடிக்காது. கைக்கு மென்மை தரும் எண்ணெய், வாசனை கலந்த சோப்பு எல்லாம் வேண்டாம்.

இடம் முக்கியம். நேர் வெயிலில் செய்யாதீர்கள், கரைசல் கண் முன்னாலேயே காய்ந்து பசை கண்டபடி பிடித்துவிடும். காற்று அடிக்கும் இடத்திலும் வேண்டாம். மூடிய ஷெட் என்றால் தரையில் முதலில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி எழாது. மின்விசிறியை நிறுத்துங்கள். பஞ்சு உதிரும் ஸ்வெட்டர், புது டவல் இரண்டையும் தள்ளி வையுங்கள். ஃபிலிமுக்கு அடியில் சிக்கும் 'தூசி'யில் ஒரு நல்ல பங்கு, ஒட்டுபவரின் சட்டையிலிருந்து வந்த நூல்தான்.

கதவுப் பலகையைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, மேல் ஓரத்தில் டேப் போடுங்கள். பவர் விண்டோ சுவிட்சுக்குள் தண்ணீர் போனால் ஃபிலிமைவிடப் பெரிய செலவு.

இப்போது துடைப்பது. கண்ணாடியை முழுக்க ஏற்றி, உள்பக்கம் கரைசலை நிறையத் தெளித்து, ரேஸர் பிளேடைச் சாய்வாகப் பிடித்து மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். காதைக் கொஞ்சம் கொடுத்துக் கேளுங்கள். சுத்தமான இடத்தில் பிளேடு சத்தமில்லாமல் போகும், அழுக்கு உள்ள இடத்தில் 'கர கர' என்று சின்ன உறுத்தல் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத பசைத் துளி, பழைய ஸ்டிக்கர் மிச்சம், புகைப் படிவு எல்லாம் இப்படித்தான் பிடிபடும். சுரண்டியபின் ஈர விரல் நுனியால் கண்ணாடி முழுக்கத் தடவிப் பாருங்கள். விரல் எங்கே தடுக்கிறதோ அங்கே மறுபடியும் பிளேடு.

இது பாதிதான். உண்மையான எதிரி கீழே இருக்கும் ரப்பர் பீடிங். கண்ணாடி ஏறி இறங்கும்போது அதைத் துடைத்து விடும் ரப்பர் அது, அதனால் அத்தனை வருஷ மண்ணையும் அதுதான் சேர்த்து வைத்திருக்கிறது. அட்டையில் ஈரத் துணியைச் சுற்றி அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே சொருகி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுங்கள். சாம்பல் நிறச் சேறும் வெல்வெட் நூலும் வரும். துணியைத் திருப்பி மறுபடி இழுங்கள். துணி வெளுப்பாகவே வெளியே வரும்வரை விடாதீர்கள். பக்கத்துப் பள்ளங்களிலும் அப்படித்தான். அங்கே வெல்வெட் ரொம்ப உதிர்ந்தால், அதன் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அமுக்கிவிடலாம்.

அப்புறம் கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி மேல் விளிம்பைத் துடையுங்கள். ஏற்றி இருக்கும்போது கூரை ரப்பருக்குள் ஒளிந்திருந்த பகுதி அது, அங்கே ஒரு கோடு அழுக்கு நிச்சயம் இருக்கும். கடைசியாக மேலிருந்து கீழாகக் கரைசலைப் பாய்ச்சி ஸ்குவீஜியால் வழித்து விடுங்கள். இந்தக் கடைசிக் கழுவலுக்குப் பிறகு துணி படக்கூடாது. துணி என்றால் நூல்.

வெட்டுவது கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், ஒட்டுவது உள்பக்கத்தில். இதில்தான் பலர் பக்கம் மாற்றிவிடுகிறார்கள். வெளிப்பக்கத்தை நனைத்து, ஃபிலிமின் லைனர் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போதுதான் வெட்டிய துண்டைத் திருப்பாமல் அப்படியே உள்ளே கொண்டு போனால் பசை கண்ணாடியைப் பார்க்கும். லைனர் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், ஒரு மூலையில் இரண்டு பக்கமும் சின்ன டேப் துண்டு ஒட்டி எதிரெதிராக இழுங்கள். தெளிவான படலமாகப் பிரிந்து வருவது லைனர்.

கண்ணாடியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளுங்கள், மேல் விளிம்பு தெரிய வேண்டும். ஃபிலிமின் கீழ் ஓரம் ரப்பருக்குக் கீழே மூன்று சென்டிமீட்டராவது தொங்கட்டும், பின்னால் உள்ளே சொருக அது வேண்டும். பக்கங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மேலே மட்டும் கண்ணாடி விளிம்பையே வழிகாட்டியாக வைத்து ஒரே இழுப்பில் வெட்டி, அப்புறம் ஒட்டும்போது விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வரும்படி இறக்கி ஒட்டினால் போதும். விளிம்பைத் தாண்டினால் கண்ணாடி ஏறும்போது ரப்பர் அதைப் பிடித்து உரித்துவிடும். மூலைகளைச் சற்று உருட்டி வெட்டுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் கிளம்பும். கீழே தொங்கும் பகுதியை வெட்டும்போது பிளேடு கதவின் பெயின்டில் படாமல் அடியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை வையுங்கள்.

ஒட்டும் நேரம். கையைக் கழுவி, விரலையும் கரைசலில் நனையுங்கள். காய்ந்த விரல் பசையில் பட்டால் ரேகை அப்படியே நின்றுவிடும். உள்கண்ணாடியை நன்றாக நனையுங்கள். லைனரை மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உரியுங்கள், உரிக்க உரிக்கப் பசைமேல் தெளித்துக்கொண்டே வாருங்கள். இதற்கு இரண்டாவது ஆள் இருந்தால் பெரிய உதவி. காய்ந்த பசைப் பரப்புகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்தத் துண்டை மறந்துவிடலாம். ஃபிலிமைக் கூர்மையாக மடித்துவிட்டாலும் அப்படித்தான், அந்த மடிப்புக் கோடு என்ன செய்தாலும் போகாது.

மேல் விளிம்பைப் பொருத்தி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா பாருங்கள். ஃபிலிம் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும், அவசரம் இல்லை. இடம் சரியானதும் ஃபிலிமின் மேலேயும் தெளித்து, நடுவிலிருந்து பக்கங்களுக்கு அட்டையால் நீரை வழியுங்கள். மேல்பாதி பிடித்துக்கொண்டதும் கண்ணாடியை மெதுவாக முழுக்க ஏற்றுங்கள். இப்போது மீதி லைனரை உரித்து, நனைத்து, கீழ் ஓரத்தை அட்டையால் ரப்பருக்குள் சொருகுங்கள். ரப்பரை இன்னொரு கையால் சற்று விலக்கிப் பிடித்தால் அதில் இருக்கும் அழுக்கு பசையில் ஒட்டாமல் உள்ளே போகும்.

இனி கெட்டியான அட்டை. நடுவிலிருந்து வெளியே, ஒரு இழுப்பு மேல் அடுத்த இழுப்பு பாதி ஏறும்படி, அழுத்தி. மேலே காய்ந்தால் மறுபடி தெளித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அட்டை ஃபிலிமைக் கீறும். ஓரங்களில் விரல் போல நீண்ட நீர்க் கோடுகள் திரும்பத் திரும்ப வரும். அட்டை முனையில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி அந்தக் கோட்டை வெளியே தள்ளி, வரும் நீரைப் பேப்பர் உறிஞ்சிக்கொள்ள விடுங்கள். ஓரத்தில் நீரை மிச்சம் விட்டால் அது தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஓரம் கிளம்பவும் அதுவே காரணம். நான் மொத்த வேலையிலும் அதிக நேரம் நிற்பது இந்த ஓரங்களில்தான்.

ஒட்டும்போதே ஒரு தூசி கண்ணில் பட்டால் உடனே அந்த மூலைவரை ஃபிலிமைத் தூக்கி, பசையையும் கண்ணாடியையும் கரைசலால் நனைத்து, தூசியை ஒரு சின்ன டேப் துண்டால் தொட்டு எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் இதற்கு வழி. ஒரு நாள் கழித்துத் தூக்கினால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

எந்தக் கண்ணாடியில் தொடங்குவது என்றால், பின் கதவு. கொஞ்சம் தட்டையானது, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக இல்லாதது. அசையாத சின்ன முக்கோணக் கண்ணாடியில் பழகலாம் என்று தோன்றும், ஆனால் அது எளிதாகத் தெரிந்தாலும் சுற்றிலும் ரப்பர், உள்ளே சொருக இடம் இல்லை, எல்லா ஓரமும் துல்லியமாக வேண்டும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

பின் கண்ணாடி. அது இரண்டு திசையிலும் வளைந்திருக்கும். தட்டையான ஃபிலிமை அதன்மேல் போட்டால் மேலும் கீழும் விசிறி மடிப்பு மாதிரி எழும்பும். அந்த மடிப்புகளை வெப்பத்தால் சுருக்கி, ஃபிலிமையே கண்ணாடியின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை வெளிப்பக்கத்தில் செய்து முடித்துவிட்டுத்தான் லைனரை உரிப்பார்கள். ஃபிலிம் சுருளிலிருந்து விரிந்து வரும் திசையில்தான் நன்றாகச் சுருங்கும். அதனால் அந்தத் திசை மேலும் கீழுமாக இருக்கும்படி போட்டு, அதிகமாக இருப்பதை மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் கொண்டுவர வேண்டும். கிடையாகப் போட்டால் பக்கங்களில் வரும் மடிப்புகள் சுருங்க மறுக்கும், வெப்பம் கூட்டினால் ஃபிலிம் கருகிச் சுருண்டுவிடும்.

பலர் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் பேபி பவுடர் தடவி, நடுவில் ஒரு நீர்க்கோடும் இரண்டு பக்கம் ஒவ்வொரு நீர்க்கோடும் இழுத்து ஃபிலிமை நிற்கவைப்பார்கள். பவுடர் உள்ள இடத்தில் ஃபிலிம் தடையில்லாமல் நகர்ந்து சுருங்கும். ஹீட் கன் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மடிப்பு தளர்ந்து தானாகப் படுக்கத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும், அந்தக் கணத்தில் அட்டையால் கீழே அமர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்திச் சூடாக்கினால், அல்லது சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தால், முழுக் கண்ணாடியும் ஒரு நொடியில் சில்லுசில்லாக உதிரும். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடியின் இயல்பு அது. கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பின் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும், சில கார்களில் ரேடியோ ஆன்டெனாவும் அதிலேயே. அங்கே ரேஸர் பிளேடு கூடவே கூடாது, ஒரு கோடு அறுந்தால் அந்த வரி சூடாகாது. மென்மையான ஸ்பாஞ்சால் கோட்டின் நீளவாக்கில் தேயுங்கள். ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிப் பட்டையில் ஃபிலிம் முழுதாக உட்காராது, வெள்ளையாகத் தெரியும். ஓரிரு நாள் கழித்து அட்டையால் மறுபடி அழுத்தினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கடைக்காரர் ஒட்டினாலும் பல கார்களில் அப்படித்தான் இருக்கும்.

உண்மையைச் சொன்னால், முதல் தடவையில் பின் கண்ணாடியைக் கடையில் கொடுத்துவிட்டுப் பக்கக் கண்ணாடிகளை நீங்கள் செய்வதுதான் நல்ல யோசனை. உங்கள் காருக்கென்றே வெட்டி வரும் துண்டுகள் கிடைத்தால் வெட்டும் வேலை மிச்சம், ஆனால் அதில் பின் கண்ணாடிக்கு வரும் துண்டையும் சுருக்கித்தான் ஆக வேண்டும்.

பழைய ஃபிலிம் இருந்தால் முதலில் அதை எடுக்கணும். நீராவிக் கருவியால் வெளியிலிருந்து சூடாக்கி, உள்ளே ஒரு மூலையைக் கிளப்பி, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் ஃபிலிம் மட்டும் வந்து பசை நின்றுவிடும், அதைச் சுரண்டுவது தனி வேலை. அமோனியா தெளித்துக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வைப்பதும் ஒரு பழைய வழி, வேலையும் செய்யும். ஆனால் மூடிய காருக்குள் அந்த நெடி கண்ணையும் மூச்சையும் பிடிக்கும், சீட்டும் கெடும். நீராவி இருக்கும்போது அது வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் குறைந்தது நான்கைந்து நாள் கண்ணாடியை இறக்காதீர்கள். சுவிட்சுமேல் ஒரு டேப் துண்டு ஒட்டி வைத்தால் வீட்டில் வேறு யாரும் மறந்து அழுத்த மாட்டார்கள். கண்ணாடி மங்கலாக, பனி படர்ந்தது போலத் தெரியும், அங்கங்கே நீர்த் திட்டும் இருக்கும். அது பசைக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஈரம், ஃபிலிம் வழியாகவே மெல்ல வெளியேறும். வெயில் உள்ள பருவத்தில் ஒரு வாரம், குளிர், மழைக் காலத்தில் ஒரு மாதம்வரை ஆகலாம். அதற்குள் குமிழியை ஊசியால் குத்தாதீர்கள், ஹீட் கன் வைத்து அவசரப்படுத்தவும் வேண்டாம். அதன் பிறகு துடைக்கவும் அமோனியா கலந்த கண்ணாடிக் கிளீனர் வேண்டாம், நாளடைவில் அது ஃபிலிமைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

நீங்கள் ஏற்கனவே ஒட்டிய அந்தக் கதவைப் பொறுத்தவரை, மாதம் ஒன்று ஆனபின்னும் கூடார மாதிரிப் புள்ளிகள் நின்றால் அந்த ஒரு கண்ணாடியை மட்டும் உரித்து மறுபடி செய்யுங்கள். மற்றக் கதவுகளை முடித்துவிட்டு அதற்குத் திரும்புங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். ஃபிலிம் வாங்கும்போதே ஒரு கதவு அளவுக்குக் கூடுதலாக, அதே சுருளிலிருந்து வாங்கி வையுங்கள். பிறகு தனியாக வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறி, வெயிலில் இரண்டு கதவும் பக்கத்தில் பக்கத்தில் வேறாகத் தெரியும்.